காற்று ஊதும் நேரம்

அக்டோபர் 7, செவ்வாய்

இன்றைக்கும் மூன்றாம் பர்னர் பற்றவில்லை. தனகோடி அண்ணன் கம்பி நுனியில் மண்ணெண்ணெய்த் துணியைச் சுற்றிக் கொளுத்தி, சூளையின் பக்கவாட்டுத் துளைக்குள் விட்டார். 'பொம்' என்று ஒரு சத்தம். துளை வழியாக ஒரு முழத் தீ வெளியே வந்து போனது. அவருடைய வலது கை முடியெல்லாம் பொசுங்கிவிட்டது.

"சவரம் பண்ற வேல மிச்சம் பாப்பா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருடமாகச் சூளை பற்றவைக்கிற ஆளுக்குப் புருவமே கிடையாது. அதை இங்கே யாரும் காயம் என்று சொல்வதில்லை.

சாயங்காலம் மேனேஜர் பத்மநாபன் கூப்பிட்டார். "நிறைமதி, இன்ஸ்ட்ருமென்ட் படிச்ச ஒரே ஆள் நீதான். எட்டு பர்னரும் முதல் பட்டன்லயே பத்தணும். பத்த வெச்சுட்டா, இந்த மாசக் கடைசில உன் ட்ரெய்னிங் முடியறப்போ பர்மனென்ட் ஆர்டர் ரெடியா இருக்கும்."

நாங்கள் கழிப்பறைக் கோப்பைகள் செய்கிறோம். ஒவ்வொரு லோடுக்கும் சூளையைப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் முதலில் காற்று ஊதும். உள்ளே தேங்கியிருக்கிற கேஸை வெளியே தள்ளும். அதன் பிறகு ஸ்பார்க் அடிக்கும், கேஸ் திறக்கும், தீ பிடிக்கும். பிடிக்காவிட்டால் கேஸ் தானாக மூடிக்கொள்ளும். ட்ரிப் ஆகிவிட்டது என்பார்கள். மறுபடி முதலிலிருந்து ஊத வேண்டும்.

ஐந்து நிமிடம் ஊத வேண்டும் என்று சூளையோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. டைமரில் முப்பது விநாடிதான் இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் மேனேஜர் சொல்லிக் குறைத்தாராம். கேட்டேன். "ஒவ்வொரு ட்ரிப்புக்கும் அஞ்சு நிமிஷம்னா லோடு எப்ப ஏத்தறது? அது பழைய கதை. நீ ஸ்பார்க்கைப் பாரு" என்றார் மேனேஜர்.

சரி. என்னைக் கேட்டது ஸ்பார்க்கைப் பற்றித்தான்.

அக்டோபர் 8, புதன்

மழை. நான்கும் ஏழும் பற்றவில்லை. ஹாஸ்டலில் சாம்பார் புளித்திருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் சூளைக்குப் பூஜை. வெள்ளிக்கிழமை தவறாமல் நடக்கிறது. கூட்டிப் பெருக்கும் அஞ்சலாட்சி அக்கா ஈரத்துணியால் ஒவ்வொரு பர்னரையும் துடைத்து, சந்தனம் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். எட்டுக்கும். கருகிய இரும்புக்கு நடுவே பொட்டு வைக்கத் தோதான வெள்ளை இடம் ஒன்றுதான்: ஸ்பார்க் கம்பியைச் சுற்றியிருக்கும் பீங்கான் கழுத்து.

"கண்ணு பட்டுடப் போவுது, தள்ளு" என்று என்னையும் விலக்கினார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கருவேலங்காட்டுக்குப் போனார், இன்னும் இரண்டு பெண்களோடு. ஒருவர் காவலுக்கு நின்றார். மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் கழிப்பறைக் கோப்பை செய்கிற இடம் இது. ஒப்பந்தப் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது. ஆபீஸ் கழிப்பறையின் சாவியை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள், டிப்ளமோ படித்ததால். நானும் வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

கேஸை அடைத்துவிட்டு ஸ்பார்க்கை மட்டும் ஓடவிட்டேன். தனகோடி அண்ணனையும் அவரோடு வேலை செய்கிற கலியமூர்த்தியையும் ஒரு தார்ப்பாயைப் பிடிக்கச் சொல்லி, இருட்டாக்கி, உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். உள் நுனியில் அடிக்க வேண்டிய ஸ்பார்க் அங்கே போகவே இல்லை. பீங்கான் கழுத்தின் மேல் நீலப் புழு மாதிரி நெளிந்து, நேராகப் பர்னர் உடம்பில் இறங்கிவிட்டது. அது நெளிந்த வழி குங்கும வழி. வாராவாரம் வைத்த சந்தனமும் குங்குமமும் கரியோடு சேர்ந்து அப்பிப்போயிருக்கிறது. மழைக்காற்றில் அது ஈரத்தை உறிஞ்சுகிறது. பீங்கான் எதைத் தடுக்க இருக்கிறதோ, அதற்கு நாங்களே பாதை போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

போனில் வீடியோ எடுத்தேன். கலியமூர்த்தி, "சாமியே கரண்ட இஸ்துக்குதா?" என்றார். தார்ப்பாய்க்குள் மூன்று பேரும் சிரித்தோம்.

எட்டு கழுத்தையும் சுரண்டி, துடைத்து, காயவைத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

எட்டும் பற்றின. வரிசையாக. ஒரு பட்டனுக்கு ஒரு தீ. தனகோடி அண்ணனின் பந்தம் மூலையில் சாய்ந்து கிடந்தது.

மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் வீடியோவைப் போடச் சொன்னார் மேனேஜர். ஸ்வீட் வந்தது. "ஒரு பைசா செலவில்லாம முடிச்சுட்டா பாருங்க" என்றார். யார் பொட்டு வைப்பது என்று கேட்டார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அம்மாவிடம் போனில் பர்மனென்ட் பற்றிச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

அஞ்சலாட்சி அக்கா வரவில்லை. சூளைப் பக்கம் குப்பையாகக் கிடக்கிறது.

அக்டோபர் 15, புதன்

அவரை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தக்காரரிடம் சொல்லி நிறுத்திவிட்டார்களாம். தனகோடி அண்ணன்தான் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல், வால்வைத் திருகிக்கொண்டே.

"எங் கை பொசுங்குனதுக்கு அவதான் காரணமாம். நோட்டீஸ் போர்டுல போட்டுருக்குறாங்க, போய்ப் பாரு. உன்னோட வீடியோவக் காட்டித்தான் காண்ட்ராக்டர்கிட்ட பேசுனாராம்."

"நான் அவங்க பேர் சொல்லலண்ணே."

"வெள்ளிக்கெழம கூட்டுற அம்மான்னு சொன்னியாம்ல. அங்க எத்தினி அம்மா கூட்டுது?"

நான் சொன்னது ஸ்பார்க் எங்கே போகிறது என்பதை. ஒரு ஆளை வேலையைவிட்டு எடுங்கள் என்று சொல்லவில்லை. இதை அவரிடம் சொன்னேன். "சரி பாப்பா" என்றார். அந்தச் சரி என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிறது.

அக்டோபர் 18, சனி

விடாத மழை. இரண்டாம் பர்னரும் ஆறாம் பர்னரும் மறுபடி பற்றவில்லை. பொட்டு இல்லை, பீங்கான் வெள்ளையாக இருக்கிறது. இருந்தும் தீ இல்லை.

கொட்டகைக் கூரை ஒழுகி ஸ்பார்க் ஒயரில் சொட்டுகிறது. ஒயரின் ரப்பர் வெடித்திருக்கிறது. ஆறாம் பர்னரின் டிரான்ஸ்பார்மரும் சோர்ந்துபோய்விட்டது. பொட்டு ஒரு காரணம். ஒரே காரணம் இல்லை. புது ஒயரும் டிரான்ஸ்பார்மரும் வேண்டும் என்று மேனேஜரிடம் போனேன்.

"பொட்டுதான் காரணம்னு நீதானேம்மா சொன்னே? மேல அப்படித்தான் ரிப்போர்ட் போயிருக்கு. இப்ப வந்து இல்லைங்கறியா?"

"அதுவும் காரணம் சார். இதுவும்."

"தீபாவளி கழிச்சுப் பாப்போம். உன் ஆர்டர் டைப் ஆயிட்டிருக்கு, தெரியுமா?"

பந்தம் மூலையிலிருந்து வெளியே வந்துவிட்டது. டைமரையாவது கூட்டலாமா என்று யோசித்தேன். அதன் பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது. ஆனால் இத்தனை ட்ரிப்புக்கு நடுவே ஐந்து ஐந்து நிமிடம் என்றால் ஆட்கள் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவார்கள், என்னைத்தான் திட்டுவார்கள். ஆர்டர் கையில் வரட்டும்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

ஊருக்குப் போனேன். தெருவில் எங்கே வெடித்தாலும் எழுந்து நின்றேன். தம்பி என்னை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா பக்கத்து வீட்டிலெல்லாம் "கம்பெனில பர்மனென்ட்" என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

அக்டோபர் 23, வியாழன்

ஆறாம் பர்னர்.

முதல் தடவை பற்றவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை பட்டன் அழுத்தப்பட்டது. முப்பது விநாடி ஊதியது. தனகோடி அண்ணன் பந்தத்தோடு குனிந்தார்.

சத்தம் பெரிதாக இல்லை. கனமான கதவை யாரோ உள்ளிருந்து உதைத்த மாதிரி இருந்தது. துளையிலிருந்து வந்த தீ அவர் முகத்துக்கு நேராக வந்தது. அவர் கத்தவில்லை. கம்பியைக் கீழே போடவும் இல்லை. அதைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். கலியமூர்த்தி ஓடிவந்து கேஸை அடைத்தார். நான் தண்ணீர் கொண்டுவந்தேன் என்று நினைக்கிறேன். என் சட்டையெல்லாம் ஈரமாக இருந்தது.

கம்பெனி வேனில் கடலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அக்டோபர் 24, வெள்ளி

பார்க்கப் போனேன். இரண்டு கண்ணிலும் கட்டு. இடது கண் தேறிவிடும், வலது கண்ணைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் வெளியே போய்விட்டார்.

"யாரு, பாப்பாவா?" என்றார் தனகோடி அண்ணன். "சுகந்தமா மணக்குது. ஆபீஸ் சோப்பு."

அழக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். முடியவில்லை.

"ஏ, அழுவாத. நீ அழுத்துன, நான் பந்தத்த வுட்டன். ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "செவ்வாக்கெழம பாக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாராம். மேனேஜர் வந்தாரு. ஆஸ்பத்திரிய கம்பெனியே பாத்துக்குமாம், எம்பொண்ணுக்கும் வேல தர்றாங்களாம். பொட்டுதான் காரணம்னு நான் ஒத்துக்கிட்டன். நீயும் அதயே சொல்லிடு. ஏற்கெனவே சொன்னதுதான?"

"அது பொய்ண்ணே. ஸ்பார்க் வராட்டி தீதான் பத்தாது. தீ மூஞ்சில அடிச்சது, உள்ள தேங்குன கேஸ வெளிய ஊதாததால."

"எனுக்குத் தெரியாதா? நான் சூளக்காரன். தெரிஞ்சி இன்னா பண்றது? எம்பொண்ணு பி.காம் முடிச்சுட்டு ஊட்ல குந்திகினு கெடக்குது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேனேஜர் போன் வந்தது. ஆர்டரில் கையெழுத்து ஆகிவிட்டதாம். செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் போன பிறகு கொடுப்பாராம்.

எல்லோரும் கேட்டார்கள் ஏன் பற்றவில்லை என்று. பற்றாதபோது ஏன் ஆளைச் சுடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். 'பழைய கதை' என்றதும் எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

அஞ்சலாட்சி அக்கா வீட்டைத் தேடிக்கொண்டு காலனிக்குப் போனேன். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். விரல்களெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருந்தது. இப்போது முந்திரி உடைக்கிற இடத்துக்குப் போகிறார். கொட்டைப்பால் பட்டு வெந்திருக்கிறது.

உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

"நீ சொன்னது நெசந்தான? பொட்டு வெச்சது நான்தான்" என்றார். "ஆனா ஒண்ணு கேக்குறன். வெக்கச் சொன்னது யாருன்னு கேட்டியா?"

கேட்கவில்லை.

"போன வருசம் இதே மாதிரி ஒருத்தனுக்கு நெஞ்செல்லாம் வெந்துபோச்சி. வடநாட்டுப் பையன். ஊருக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடி சூள வாசல்ல மட்டுந்தான் பொட்டு. ஒங்க மேனேஜர்தான் யாரோ ஜோசியர இட்டாந்து பாத்துட்டு, 'அஞ்சலாட்சி, இனிமே எட்டு வாய்க்கும் வைக்கணும், வெள்ளிக்கெழம தவறக் கூடாது'ன்னாரு. சந்தனம் குங்குமம்லாம் ஆபீஸ்லருந்துதான் வரும். நான் ஒரு வாரம் காய்ச்சல்னு வரல, அதுக்குத் திட்டுனாரு."

ஒருவன் வெந்துபோனதற்கு இவர்கள் செய்த பழுதுபார்ப்பு அந்தப் பொட்டு. டைமரைத் தொடாமல் சந்தனம் வாங்கியிருக்கிறார்கள். அந்தச் சந்தனத்தை வைத்தே இப்போது கணக்கை முடிக்கிறார்கள்.

"மறுபடி வேலைக்குக் கூப்ட்டா வருவீங்களாக்கா?"

"இன்னாத்துக்கு? முந்திரிக்காரன் கை எரியிற வேலதான் குடுக்குறான், ஆனா கக்கூஸ் கட்டி வெச்சிருக்குறான். ஒங்க கம்பெனி கோப்பதான், பேர் போட்டுருக்குது. குந்துறப்பல்லாம் ஒங்க மேனேஜரத்தான் நெனச்சிக்கிறன்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. துணியை உதறிக் கொடியில் போட்டார். என் மேல் தண்ணீர் தெறித்தது. வேண்டுமென்றுதான் என்று நினைக்கிறேன்.

"அந்த ஆபீசர்கிட்ட சொல்லுவியா?" என்று முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்.

"சொல்லுவேன்."

"பாப்பம்."

அக்டோபர் 27, திங்கள்

சாப்பிட முடியவில்லை. அம்மா போன் செய்தாள், எடுக்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

சூளைக்கு முன்னாலேயே நின்றோம். மேனேஜர் என் வீடியோவைக் காட்டி, ஊழியர்களின் மூடநம்பிக்கை என்று அழகாக விளக்கினார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

"பொட்டால ஸ்பார்க் போகும் சார். ஆள் வேகமாட்டார். காத்து ஊதுற நேரம் அஞ்சு நிமிஷம் இருக்கணும். இதுல முப்பது விநாடி இருக்கு" என்றேன்.

"யார் குறைச்சது?"

"எனக்கு முன்னாடி இருந்தவர். மேனேஜர் சொல்லி. இப்ப அந்தப் பொறுப்பு என்கிட்ட இருக்கு சார். நானும் மாத்தல. எட்டு பர்னருக்கும் பொட்டு வைக்கச் சொன்னதும் மேனேஜர்தான். போன வருஷம் ஒருத்தர் வெந்ததுக்கு அப்புறம்."

மேனேஜர் சிரித்தார். "சின்னப் பொண்ணு சார், ரொம்ப ஷாக் ஆயிருக்கு."

இன்ஸ்பெக்டர் டைமரை என் கையாலேயே ஐந்து நிமிடத்துக்கு மாற்றச் சொன்னார். எழுதிக்கொண்டார். போன வருடத்துப் பையன் பெயரைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. பொட்டைப் பற்றி அவர் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. பிறகு ஏசி அறைக்குப் போனார்கள். டீ போனது. கம்பெனி காரில்தான் அவர் கிளம்பினார்.

ஆர்டர் வரவில்லை. மேனேஜர் என்னைக் கடந்து போகும்போது நின்றார். கோபமே இல்லாமல் பேசினார்.

"வெள்ளிக்கிழமையோட உன் ட்ரெய்னிங் முடியுது. அதுக்கு அப்புறம் டைமர் யார் கையில இருக்கும்னு யோசிச்சியா?"

அக்டோபர் 29, புதன்

யோசித்தேன். டைமரைப் பூட்ட முடியாது. நான் போன மறுநாளே யாராவது குறைப்பார்கள். குறைக்கச் சொல்லி ஆட்களே கேட்பார்கள். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஐந்து நிமிடம் என்றால் எவன் காத்திருப்பான்? முதல் தடவையே பற்றினால்தான் காத்திருப்பார்கள். மேனேஜர் எனக்குக் கொடுத்த வேலையைக் கடைசியில் மேனேஜருக்காக இல்லாமல் செய்ய வேண்டியிருக்கிறது.

கலியமூர்த்தி வந்தார். நேற்றிலிருந்து என்னோடு பேசாதவர். பழைய எண்ணெய் டின்னை வெட்டி, ஒவ்வொரு பர்னருக்கும் மேலே கூரைச் சொட்டு விழாதபடி குடை மாதிரி வளைத்து மாட்டினார். நான் வெடித்த ஒயர்களை எடுத்துவிட்டு, மூடிக்கிடக்கும் பழைய சூளையிலிருந்து நல்ல ஒயர்களைக் கழற்றி மாட்டினேன். டிரான்ஸ்பார்மரும் அங்கேயே ஒன்று கிடைத்தது, சுமாரானது. பீங்கான் கழுத்துகளைத் துடைத்தேன். வேலை முடிந்ததும் அவர் கேட்டார்:

"அஞ்சி நிமிசம் ஊதுனா, உள்ள இருக்குற கேஸ் அம்மாம் பூராவும் போயிடுமா?"

"போயிடும்ண்ணே."

"அப்ப முப்பது செகண்டுல?"

"பாதி உள்ளயே நிக்கும்."

அவர் சூளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் வருடக்கணக்காகப் பந்தம் விட்டவர்.

அக்டோபர் 30, வியாழன்

புது லோடு ஏற்றியாயிற்று. தனகோடி அண்ணன் இல்லாமல் முதல் லோடு. கலியமூர்த்தியும் வண்டி தள்ளுகிற மூன்று பேரும் இருந்தார்கள். மழை கொட்டியது.

முதலில் ஐந்து நிமிடம் காற்று ஊதியது. அது எவ்வளவு நீளமான நேரம் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒருவர் இரண்டு தடவை நேரம் பார்த்தார். "ஒரு டீயே குடிச்சிட்டு வந்துடலாம் போலருக்கே" என்றார் இன்னொருவர். பிறகு ஒன்று பற்றியது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஆறு பற்றவில்லை. ஸ்பார்க் அடித்தது, கேஸ் திறந்தது, மூடிக்கொண்டது. சிவப்பு விளக்கு.

சுமாரான டிரான்ஸ்பார்மர். வண்டி தள்ளுகிறவர் ஒருவர் பழக்கதோஷத்தில் மூலைக்குப் போய்ப் பந்தக் கம்பியை எடுத்துவிட்டார். தீப்பெட்டிக்காகச் சட்டைப்பையைத் தடவினார். எரிந்த ஐந்தையும் அணைத்துவிட்டு மொத்தத்துக்கும் முதலிலிருந்து காற்று ஊத வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

"வையி அத" என்றார் கலியமூர்த்தி.

"பஸ்ஸு போயிடும் மாமா."

"போவட்டும். கண்ணு போனா எந்த பஸ்ஸுல போவ?"

அவரே எல்லாவற்றையும் அணைத்தார். பட்டனை அவரே அழுத்தினார். காற்று ஊத ஆரம்பித்தது. அவர் துளைக்கு நேராக இல்லாமல் தள்ளிப்போய், செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கம்பியைப் பிடித்திருந்தவர் முனகிக்கொண்டே அதைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். நானும் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சூளை நின்றது தெரிந்து மேனேஜர் குடையோடு வந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. என்னோடு பேச்சு முடிந்துவிட்டது அவருக்கு.

"என்ன கலியமூர்த்தி, எல்லாரும் உக்காந்திருக்கீங்க?"

"காத்து ஊதுது சார்."

"ஒரு பர்னருக்கா இவ்ளோ நேரம்? ஏதாவது பண்ணிப் பத்தவைங்கப்பா."

"ஊதி முடியட்டும் சார். நீங்களும் குந்துங்க."

அவர் உட்காரவில்லை. நாங்கள் எழுந்திருக்கவில்லை.